ஆர்டிஸ் மானுக்கு விதைத்த நான்கு வருடங்கள்

ஆர்டிஸ் ஹாகனுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். அந்த நவம்பரில் அவள் வீட்டில் முகம் பார்க்க முடியாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் மான்தான்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடமாகச் சமைக்கிறவள். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்குக் குன்றுகளில் அப்பா விட்டுப்போன எண்பது ஏக்கரை அவளும் தம்பி டெல்மாரும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். தெற்குச் சரிவில் இருந்த வயல் அவளுக்கு. வடக்கு மேட்டில் இருந்த ஓக் காடு அவனுக்கு. மான் படுத்துத் தூங்குவது காட்டில், மேய வருவது வயலுக்கு என்பதைப் பாகம் பிரித்த வக்கீலும் யோசிக்கவில்லை, நிலம் அளக்க வந்தவரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு வயதில் அப்பாவோடு துப்பாக்கி தூக்கியவள் ஆர்டிஸ். ஆனால் இத்தனை வருடமும் அப்பாவின் காட்டில், அப்பா காட்டிய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது சொந்த மண் வந்துவிட்டது. அதில் தானே விதைத்து, அதைத் தின்ன வரும் கொம்பு மானைத் தானே சுட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

முதல் வருடம் மே மாதம் சோயா போட்டாள். இரண்டு ஏக்கர். ஜூன் பிறந்ததும் மான்கள் வந்தன. கூட்டம் கூட்டமாக, குட்டிகளையும் அழைத்துக்கொண்டு வந்தன. அவள் சந்தோஷப்பட்டாள். ரோலியை ஜன்னலுக்கு அழைத்து எண்ணச் சொன்னாள். ரோலி அவள் கணவன். பால் லாரி ஓட்டி ஓட்டி முதுகெலும்பு கெட்டுப்போய், சமையலறை ஜன்னலோரம் சாய்வு நாற்காலியே கதி என்று இருப்பவன். அவன் பதினேழு என்று எண்ணினான். ஆகஸ்டில் வயலில் இலையே இல்லை. நவம்பரில் வேட்டை தொடங்கியபோது முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் குச்சிகள்தான் நின்றன. வேட்டைக்கு அனுமதித்த ஒன்பது நாளும் பரண் மேல் உட்கார்ந்து அந்தக் குச்சிகளைப் பார்த்தாள்.

இரண்டாம் வருடம் டர்னிப் போட்டாள். விதைப் பையில் பெரிய கொம்பு மான் ஒன்று இலையைக் கடித்தபடி படத்தில் நின்றது. ஜூலைக் கடைசியில் தூவினாள். நல்ல மழை. செப்டம்பரில் இலை தொடை உயரம் வந்துவிட்டது. கிழங்கு ஒவ்வொன்றும் குழந்தை தலை அளவு. மான்கள் அந்த வயலை நடைபாதையாக வைத்துக்கொண்டு, ஓர் இலையைக்கூடத் தொடாமல் கடந்து போயின. உறைபனி விழுந்தால் இலை இனிக்கும், பிறகு வரும் என்றார்கள். வந்தன. வேட்டை முடிந்து, துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்த பிறகு, ஜனவரியில் வந்தன. பனியைக் குளம்பால் கிளறிக் கிழங்கைத் தோண்டித் தின்றன. ஆர்டிஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே வாணலியைத் தேய்த்தாள்.

மூன்றாம் வருடம் ஓட்ஸும், குளோவர் என்ற தீவனப் பயிரும். இந்த முறை கணக்குச் சரியாக இருந்தது. செப்டம்பரில் மான்கள் ஓட்ஸ் பயிரில் விழுந்து புரண்டன. அக்டோபரில் எட்டு முனைக் கொம்பு மான் ஒன்று பட்டப்பகலில் வந்து நின்றது. அதற்கு அவள் பெயர் வைக்காத குறை. பிறகு டெல்மார் காட்டில் ஓக் மரங்கள் காய்த்துக் கொட்டின. பத்து வருடத்தில் பார்க்காத காய்ப்பு. நடந்தால் காலடியில் கோலிக்குண்டு போல உருளும். மான்கள் அதைத் தின்னக் காட்டுக்குள் போய்விட, ஒரே வாரத்தில் வயல் காலி. வேட்டை தொடங்கிய முதல் நாளே எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அவள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது டெல்மார் அந்த எட்டு முனை மானின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான்.

"அக்கா, உனக்குத்தான் நன்றி சொல்லணும்," என்றான். "நல்லா ஊட்டி வளத்திருக்க. முதுகுல கொழுப்பு ரெண்டு விரக்கடை இருக்கு பாரு."

"என் வயல்ல தின்னு வளந்ததுடா அது!"

"வயல் உன்னுது. இல்லேங்கல. மான் வந்து விழுந்தது எங்கன்னு பாரு."

"நீ ஒரு விதை போட்டியா? ஒரு நாள் மண்ணைக் கிண்டியிருப்பியா?"

"நான் எதுக்குப் போடணும்? எனக்காகத்தான் நீ போடுறியே."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அடுத்த வாரம் மான் கறித் தொத்திறைச்சி நாலு சுருள் கொடுத்தனுப்பினான். மேலே ஒட்டிய தாளில் 'மேய்ப்பருக்கு' என்று எழுதியிருந்தது. ஆர்டிஸ் அதை அப்படியே எடுத்துப்போய் அவன் வண்டியின் மூக்கில் வைத்துவிட்டு வந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. நன்றி நாள் விருந்துக்குத் தனித்தனி மேஜை, கிறிஸ்துமஸுக்குத் தனித்தனி மரம். தேவாலயத்தில் அவன் இடப்பக்கம் உட்கார்ந்தால் இவள் வலப்பக்கம்.

நான்காம் வருடம் அவள் வெறியோடு இறங்கினாள். விதைக் கடை கர்ட்டிடம் நேராகவே கேட்டாள்.

"உண்மையச் சொல்லு கர்ட். நவம்பர் கடைசியில மான் எதைத் திங்கும்?"

"இந்தக் கடையில எல்லாப் பையிலயும் மான் படம் போட்டிருக்குங்க," என்றான் கர்ட். "ஆனா பையை வாங்குறது மான் இல்ல, மனுஷன். என்னைக் கேட்டா, ரை தானியம் போடுங்க. சாதாரண ரை. பையில படம்கூட இருக்காது. எல்லாம் கருகுனப்புறமும் அது மட்டும் பச்சையா நிக்கும்."

அவள் ரையும் வாங்கினாள், மற்றதையும் வாங்கினாள். வயலை நாலு பட்டையாகப் பிரித்தாள். ஒன்றில் சோயா, அதைச் சுற்றி அக்டோபர் வரை மின்கம்பி வேலி. ஒன்றில் டர்னிப். ஒன்றில் குளோவர். கடைசிப் பட்டையில், காட்டை ஒட்டி, மனசில்லாமல் ரை. மண் புளித்திருக்கிறது என்று பரிசோதனையில் வந்ததால் சுண்ணாம்பு போட்டாள். தோள்பட்டை இறங்கிப்போகும் அளவுக்கு மூட்டை சுமந்தாள். டர்னிப் பட்டையைப் பார்த்தாற்போல் மரத்தில், ஏதாவது அசைந்தால் தானாகப் படமெடுக்கும் ஒரு கேமராவும் கட்டினாள்.

பள்ளி விட்டு இரண்டரைக்கு வீடு வருவாள். மூன்று மணிக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவாள். எந்த இலை கடிபட்டது, எந்தப் பக்கம் குளம்பு பதிந்தது என்று ஒவ்வொரு பட்டையாகக் குனிந்து பார்ப்பாள். கேமரா அட்டையை எடுத்து வந்து கணினியில் போடுவாள். எல்லாப் படமும் இருட்டில் எடுத்தது. மின்னும் கண்கள் மட்டும். பகலில் ஒரு மான் இல்லை. அணில் இருந்தது. காட்டு வான்கோழி இருந்தது. குனிந்து இலை பார்க்கும் ஆர்டிஸின் பின்பக்கம் தினமும் இருந்தது.

"டெல்மார்தான் ஏதோ செய்யுறான்," என்றாள் ரோலியிடம். "காட்டுக்குள்ள சோளத்தைக் கொட்டி மானைப் பிடிச்சு வச்சுக்கிறான். தீனி கொட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு தெரியுமா? ஒரு நாள் நான் சொல்லிடத்தான் போறேன்."

"டெல்மார் அதெல்லாம் செய்ய மாட்டான். சோம்பேறி."

"அப்போ சொல்லு, ஏன் வரல? இனி என்ன போடணும்? ஆப்பிளை உரிச்சுத் தட்டுல வைக்கணுமா?"

ரோலி பேப்பரை மடித்துவிட்டுத் தயங்கினான். "வரும் ஆர்டிஸ். ரெண்டு நாள் வந்துச்சே. நாலு மணிக்கு, நல்ல வெளிச்சத்துல. மேல இருக்குற அந்த ரை பட்டையில. பதினோரு மான்."

அவள் கையில் இருந்த கேமரா அட்டை மேஜையில் விழுந்தது. "என்னைக்கு?"

"பெத்தவங்க கூட்டம்னு நீ பள்ளிக்கூடத்துலயே இருந்தியே, அந்த ரெண்டு நாள்."

"அதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. நீ தினம் வந்து கேமரால என்ன இருக்குன்னுதான் சொன்ன. ஜன்னல்ல என்ன தெரிஞ்சுதுன்னு ஒரு நாளும் கேக்கல."

அவள் அவனை முறைத்தாள். அவன் மெதுவாகத் தொடர்ந்தான். "நீ மூணு மணிக்குப் போறப்போ அதுங்க காட்டு ஓரம் வந்து நிக்குது. உன்னைப் பாத்துட்டுத் திரும்பிடுது. நீ விதைச்சதுல ஒரு குத்தமும் இல்ல. நீ போய்ப் போய்ப் பாக்குறதுதான்."

அன்று மாலை ஒவ்வொரு கரண்டியும் தேய்பட்டது. ஆனால் அடுத்த நாளிலிருந்து ஆர்டிஸ் வயலுக்குப் போகவில்லை. வேட்டை தொடங்க ஒன்பது நாள் இருந்தது. வாழ்க்கையில் அவள் செய்த எல்லா வேலையையும்விட அந்த ஒன்பது நாள் சும்மா இருந்ததுதான் கஷ்டமான வேலை. மூன்று மணிக்குக் கால் தானாக வாசலுக்குப் போகும். ரோலி தலையைத் தூக்காமலே "உக்காரு" என்பான்.

சனிக்கிழமை வேட்டை தொடங்கியது. மெல்லிய பனி விழுந்திருந்தது. காலையில் ஒன்றும் நடக்கவில்லை. மதியத்துக்கு மேல் ஆரஞ்சுக் கோட்டுடன் பரண் ஏறினாள். டர்னிப் பட்டையின் மேல் நம்பிக்கை விடவில்லை, ஆனாலும் ரை தெரிகிற பரணில்தான் உட்கார்ந்தாள். மூன்றே முக்காலுக்கு ஒரு பெட்டை மான் வெளியே வந்தது. பிறகு இரண்டு. பிறகு நாலு. பனிக்கு நடுவே பச்சையாக நின்ற ரையில் தலையைக் கவிழ்த்து மேயத் தொடங்கின. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அவற்றின் பின்னால், மூக்கைத் தரையில் வைத்தபடி, தடித்த கழுத்தும் பத்து முனைக் கொம்புமாக ஒரு மான் வந்தது.

அவள் சுட்டாள். குறி தப்பவில்லை. ஆனால் மான் துள்ளித் திரும்பி, நாலே பாய்ச்சலில் எல்லை வேலியைத் தாண்டி, ஓக் காட்டுக்குள் முப்பதடி போய் விழுந்தது.

ஆர்டிஸ் வேலி வரை போனாள். கொம்பு தெரிந்தது. தாண்டிப் போக முடியாது. அடுத்தவன் நிலத்தில் விழுந்ததை எடுக்க அவன் சம்மதம் வேண்டும், தம்பியாக இருந்தாலும். ஒரு வருடமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலிக் கம்பத்தை ஓர் உதை விட்டாள். இரண்டாவது உதையில் கால் வலித்தது. அதற்குள் மேட்டிலிருந்து டெல்மாரே இறங்கி வந்தான்.

"யாரோட மான் இது?" என்றான், நன்றாகத் தெரிந்தே.

"என்னுது. நான் சுட்டது. எடுத்துக்கவா?"

"என்ன சொன்ன? காத்துல கேக்கல."

"டெல்மார், அப்பா மேல ஆணையா, அடுத்த குண்டு உனக்குத்தான்."

அவன் சிரித்துவிட்டுக் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். அவள் குனிந்து நுழைந்தாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் மானைத் திருப்பிப்போட்டு வயிற்றைக் கிழித்தார்கள். குடலை இழுத்துப் போட்டதும் ஆர்டிஸ் கத்தியை வாங்கி இரைப்பையையும் கீறினாள். நான்கு வருட உழைப்பில் எது வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை. டர்னிப் இலையா, சோயாவா, ரையா?

உள்ளே இருந்தது ஓக் கொட்டைத் தோல். அதுவும் கொஞ்சம்தான். வேறு ஏதோ சுள்ளித் துணுக்கு. பச்சையாக ஒரு நார்கூட இல்லை.

அவள் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. டெல்மார் கேலி செய்யப் போகிறான் என்று காத்திருந்தாள். அவன் செய்யவில்லை. கையைப் பனியில் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"அது திங்க வரலக்கா. இந்த மாசம் கெடா மானுக்குச் சாப்பாடு நெனப்பே இருக்காது. பொட்டைங்க உன் ரையைத் திங்க வந்துச்சு, இது அதுங்க பின்னாடி வந்துச்சு. ரை இல்லேன்னா இது இங்க வந்திருக்காது."

"நாலு வருஷமா," என்றாள் ஆர்டிஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்தப் பயலுக்கு என்ன பிடிக்கும்னு மண்டைய உடைச்சுக்கிட்டேன். இதுக்குப் பொண்ணுதான் பிடிக்கும்னு எவனாவது ஒருத்தன் சொன்னீங்களாடா?"

டெல்மார் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை சுமந்த தோள் நினைவுக்கு வந்தது. புளிப்பு மண்ணும் சுண்ணாம்பும் மின்கம்பியும் நினைவுக்கு வந்தன. மானை அவர்கள் இழுத்துக்கொண்டு வேலி தாண்டும்போதும் அவள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வருட நன்றி நாளுக்கு ஒரே மேஜை போட்டார்கள். கறி நன்றாக இருந்தது. கொஞ்சம் கடினம் என்று டெல்மார் சொன்னபோது, தட்டைப் பிடுங்கிவிடுவேன் என்றாள்.

அடுத்த ஆகஸ்டில் அவள் டர்னிப் போடவில்லை, சோயா போடவில்லை. ரையும் குளோவரும் மட்டும். டெல்மார் தன் டிராக்டரைக் கொண்டுவந்தான், ஓட்டுவது அவன்தான் என்றும் அடம்பிடித்தான். முதல் சுற்று முடிவதற்குள், விதை ஓர் அங்குலத்தைவிட ஆழமாகப் போகிறது, முளைக்காது என்று இவள் வண்டியை மறித்து நின்று கத்தினாள். போகவில்லை என்று அவன் கத்தினான். இறங்கி மண்ணைக் கிளறி இருவரும் அளந்தார்கள். ஒன்றரை அங்குலம் இருந்தது.