நான்கு டாக்டர்களும் கேட்காத கேள்வி

என் வீட்டுக்காரர் காளியண்ணனுக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி டப்பா வாங்கினால், கடைக்காரியின் கண் முன்னாலேயே அதைக் கவிழ்த்து அடியில் கிடப்பதைப் பார்ப்பார். எனக்கு மானம் போகும். தேயிலைத் தோட்டத்தில் அவருடைய அம்மா பறித்த கொழுந்தைக் கணக்கெழுதும் கிராணி குறைத்து எடை போட்டதைப் பார்த்து வந்த புத்தி என்பார். அதெல்லாம் சும்மா. பிறவிக் குணம்.

கல்யாணத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு, கேமரன் மலையிலேயே கோலா தெர்லாவில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், காய்கறிப் பண்ணையில் சேர்ந்தார். பதினேழு வருடமாக முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து கோஸுக்கும் தக்காளிக்கும் பூச்சிமருந்து அடிக்கிறார். சுமந்து சுமந்து குடல் இறங்கிவிட்டது. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். பண்ணை மருந்து பற்றி அங்கே மூச்சுவிடக் கூடாது என்று தவுக்கே வீடு தேடி வந்து சொன்னார். பாட்டில்களில் பாதி கள்ளச் சரக்கு, லேபிளே கிடையாது. விஷயம் வெளியே போனால் வேலையும் போகும், அவர் கொடுத்த வீடும் போகும். இருவரும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் நான்கு இளம் டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கூடவே மயக்க மருந்து டாக்டர் புனிதா.

“இவங்க படிக்கிறவங்க அண்ணே. நான் பாடம் நடத்தப் போறதில்ல. ஒவ்வொருத்தரா உங்கள விசாரிச்சு, மயக்கம் குடுக்கலாமா, எப்படிக் குடுக்கலாம்னு அவங்களே முடிவு பண்ணணும். நீங்கதான் மார்க்கு போடணும். சம்மதமா?” என்றார்.

இவர் தலையை ஆட்டிவிட்டு என் காதைக் கடித்தார். “ஒரே கேள்விய நாலு பேரு கேட்டா என்ன அர்த்தம்? பதில் மாறுதான்னு பாக்குறாங்க. தவுக்கேதான் வேவு பாக்க ஆள் விட்டிருப்பான் லா.”

எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. அந்தப் பிள்ளைகளின் சிரிப்பைக்கூட நம்ப முடியவில்லை.

இனிப்புநீர் உண்டா? இல்லை. இழுப்பு? இல்லை. ஆடுகிற பல்? இல்லை. மேடு ஏறினால் மூச்சு வாங்குமா? “கேமரன் மலைக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது?” கடைசியாக வந்த ரூபினி என்ற பெண், வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை நிமிர்த்தச் சொல்லிப் பார்த்தாள். நால்வரும் கூடிக் குசுகுசுத்து, முழு மயக்கமே கொடுக்கலாம் என்றார்கள்.

டாக்டர் புனிதா இவர் பக்கம் திரும்பினார். “என்ன கேக்காம விட்டாங்க அண்ணே?”

அடுத்தவர் குறையைச் சொல்வதென்றால் இவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. “நாலு பேரும் படிச்சவங்க. ஒருத்தராச்சும் நான் என்ன வேல பாக்குறேன்னு கேட்டாங்களா?” என்றார் கெத்தாக. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவி மனுஷன்!

“என்ன வேல ஐயா?” என்றாள் ரூபினி.

“காய்கறித் தோட்டம்.”

“அங்க மருந்து அடிப்பீங்களா?”

“அதெல்லாம் வேற ஆளு.”

ரூபினி விடவில்லை. “அடிச்சிருந்தா சொல்லிருங்க ஐயா. சில பூச்சிமருந்து ஒடம்புல சேந்துட்டா, நாங்க போடுற ஒரு மயக்க ஊசியோட வேகம் லேசுல எறங்காது. ஆபரேஷன் முடிஞ்சும் நீங்களா மூச்சுவிட முடியாமப் போயிடலாம்.”

“போட்டு வாங்குறா. வாயத் தொறக்காத,” என்று இவர் என் மணிக்கட்டை இறுக்கினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை உதறினேன். “அடிக்கிறாரும்மா! பதினேழு வருஷமா. பாதி பாட்டில்ல லேபிளே இல்ல.”

மறுநாள் நடக்க இருந்த ஆபரேஷனை நிறுத்திவிட்டு இரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த ஊசியின் வேகத்தை இறக்கும் சக்தி இவர் உடம்பில் பாதிகூட இல்லையாம். ஒரு வாரம் கழித்து, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். விழித்திருந்தும் என்ன வெட்டுகிறார்கள் என்று பார்க்கவிடாமல் துணியைக் கட்டிவிட்டார்கள் என்று அதற்கும் இவருக்கு ஒரு சந்தேகம்.

இனிமேல் பூச்சிமருந்துப் பக்கமே போகக் கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். அதைத் தவுக்கேயிடம் நீட்டினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். வீடு திரும்பும்போது, பஸ் மலையேறி ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

“இத்தன வருஷத்துல உன் ஒருத்திய மட்டுந்தான் நான் சந்தேகப்பட்டதில்ல,” என்றார்.

சுருக்கென்று தைத்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

“இனிமே என்னையும் சேத்துக்குங்க. உசுரோட உக்காந்து சந்தேகப்படுங்க,” என்றேன்.