கூடத்தில் பள்ளம் உள்ள வீடு

வீடு கிடைத்துவிட்டது!

ஒரு மாதமாகக் காஞ்சிபுரத்துக்குள் தேடினோம். வாடகையைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றியது. "ரெண்டு சின்னப் பசங்க" என்றதும் வீட்டுக்காரர்களுக்குச் சுற்றியது.

இன்று ஊரைத் தாண்டி ஓரிக்கையில், எங்கள் கைக்கு எட்டும் வாடகையில் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மா பட்டு நெய்கிறவர். தறியைப் பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்.

ஆனால் கூடத்து ஓரத்தில் தொடையளவு பள்ளம். நெய்பவர் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழி.

"இதப் பாத்துட்டுத்தாம்மா எல்லாரும் போய்டறாங்க. நாளைக்கே மண்ணு கொட்டி மூடிடறேன்" என்றார் தயங்கியபடி.

'உடனே மூடுங்கள்' என்று நான் வாயைத் திறப்பதற்குள், ஐந்து வயது மகளும் மூன்று வயது மகனும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். தலை மட்டும் தெரிந்தது.

"அம்மா, பஸ் கிளம்புது! சீக்கிரம் ஏறு!" என்று மகள் கத்தினாள்.

வீட்டுக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "மூட வேணாம்மா. கெட்டியா பலகை போட்டுத் தரேன், வேணாங்கறப்ப மூடிக்கோ. பசங்க ஆடிக்கினு இருக்கட்டும்."

அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

லிஃப்ட், நீச்சல்குளம் என்று அலட்டும் சென்னை நண்பர்களே, உங்கள் கூடத்தில் பஸ் நிற்குமா?