பத்தியச் சோறும் கொல்லைக் கொய்யாவும்

எனக்குத் தாய் இல்லாததால் தலைப்பிரசவம் தூத்துக்குடியில் மாமியார் வீட்டிலேயே நடந்தது. ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், அம்மா முன்னால் வாய் திறக்க மாட்டார்.

கர்ப்பத்திலேயே தொடங்கிய பத்தியம் பிரசவத்துக்குப் பிறகும் நீண்டது. சோறு, பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, அவ்வளவுதான். கொல்லையில் கொய்யா பழுத்து உதிர்ந்து கிடந்தது. ஒன்று கேட்டேன்.

"ஏளா, பச்ச உடம்புக்காரி பழம் தின்னா பிள்ளைக்குச் சளி கட்டும். நாக்க அடக்கு!" என்றார் மாமியார்.

ஈறில் ரத்தம் கசிந்தது. தையல் போட்ட இடம் ஆறாமல் சீழ் பிடித்தது. காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

டாக்டரம்மா மாமியாரைக் கூப்பிட்டுத் திட்டினார். "வைட்டமின் சி இல்லாம புண்ணு ஆறாது. கிருமிய எதுக்க உடம்புல தெம்பும் இருக்காது. தினமும் கொய்யாப்பழம் குடுங்க."

மாமியார் தலையாட்டினார்.

பிழைத்து வீட்டுக்கு வந்தால் கொல்லையில் மரத்தைக் காணோம். வெட்டி விறகாக அடுக்கியிருந்தது. "மரம் நின்னாத்தான ஆச வரும்?" என்றார். அந்த விறகில்தான் எனக்கு வெந்நீர் காய்ந்தது.

மறுவருடம் அவர் மகள் பிரசவத்துக்கு வந்தாள். மாமியாரே மார்க்கெட்டுக்குப் போய்க் கூடை நிறையக் கொய்யா வாங்கி வந்தார். "டாக்டரம்மா சொன்னாவல்லா!" என்றார், என் முகத்தைப் பார்த்தே.

இப்போது நான் யாரிடமும் கேட்பதில்லை. தினமும் நானே கொய்யா வாங்கி, மாமியார் எதிரே உட்கார்ந்து கடித்துத் தின்கிறேன். அவருக்குப் பல் கொட்டிவிட்டது. ஒரு துண்டு நறுக்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்.

"சளி கட்டும், அத்த" என்கிறேன்.