முன்னே நடந்த குதிகால்

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்றவர்களுக்குத் தியான வகுப்பு நடக்கிறது. பயிற்சி தர வரும் இளைஞர் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, சுடரை மட்டும் பாருங்கள், மனம் ஒரே புள்ளியில் நின்றால் உள்ளே தெளிவு பிறக்கும் என்கிறார். எந்த மனு எந்த மேசைக்குப் போகவேண்டும் என்பதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். சுடர் நின்றாலும் என் மனம் நிற்பதில்லை. ஆனால் ஒரே ஒருமுறை நின்றிருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது. தெளிவு பிறந்ததா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் கட்டி, ஆபரேஷன் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். அப்பாவின் அக்காவான அத்தை ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் திருப்போரூருக்குப் பால்குடம் எடுப்பவள். இந்த முறை என் தலையிலும் ஒன்றை ஏற்றுவதென்று முடிவு செய்தாள்.

“தபாரு, குடம் ஏறிச்சின்னா மனசுல வேற ஒண்ணும் இருக்கக் கூடாது. பராக்கு பாத்த, பால் திரிஞ்சிடும். உங்கம்மா பொழைக்கிறது உன் தலையிலதான் கீது. என் குதிகாலையே பாத்துக்கினு வா.”

பால் ஊற்றும்வரை வாய் திறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. இந்த விதிகள் எங்கள் ஊர்க் கூட்டத்தில் அனைவருக்கும் பொது. அப்படியென்றால் அத்தையும் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பிற்காலத்தில் நான் கையாண்ட பல அரசாணைகளிலும் இதே குறைதான்.

மஞ்சள் புடவையின் விளிம்புக்குக் கீழே மஞ்சள் பூசிய குதிகால். அதை மட்டும் பார்த்து நடந்தேன். தார் சுட்டது. வேப்பிலையோடு பால் தளும்பி மூக்கில் வழிந்தது. துடைக்கவில்லை. கோயிலை நெருங்கியதும் கரும்பு பிழியும் ஓசை கேட்டது, ராட்டினம் கிறீச்சிட்டது, ஊதல் விற்பவன் வேண்டுமென்றே என் காதருகே ஊதினான். நான் பார்க்கவில்லை. தெருமுனையில் பம்பை அடித்துக்கொண்டு வேறோர் ஊர்க் கூட்டம் வந்து சேர்ந்துகொண்டது. நெரிசலில் குதிகால் கொஞ்சம் மறைந்தது. மறுபடி தெரிந்ததும் முன்னைவிட இறுக்கமாகக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். அதன்பிறகு அம்மா இல்லை, காய்ச்சல் இல்லை, முருகனும் இல்லை. குதிகால் மட்டும் இருந்தது. எங்கள் பயிற்சியாளர் கேட்டால் மகிழ்ந்துபோவார்.

கோயில் வாசலில் குதிகால் நின்று திரும்பியது. நிமிர்ந்தால், அத்தையின் முகம் இல்லை.

இளம்பெண் ஒருத்தி. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். தன் குடத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“மாமா, இங்க வந்து பாரேன். புள்ள என் காலப் பாத்துக்கினே பின்னால வந்துகீது” என்று புருஷனைக் கூப்பிட்டாள். கல்யாணமாகி நெடுநாளாகக் குழந்தையில்லாமல் வேண்டிக்கொண்டு வந்தவர்களாம். “உன் பேரு இன்னா கண்ணு? யார் வூட்டுப் புள்ள நீ?”

பால் ஊற்றும்வரை பேசக் கூடாதே. வாயை இறுக மூடிக்கொண்டேன். முருகனே பிள்ளையாக வந்திருக்கிறான் என்பதில் அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது. கூட்டம் வழிவிட்டது. புருஷன் என்னைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனான். குருக்களிடம் அவர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, குழந்தை பிறக்கவேண்டுமென்று முதல் பாலாக என் பால் போயிற்று.

அதற்குள் அத்தை வந்து சேர்ந்தாள்.

“ஏம்மா, எங்க வூட்டு வேண்டுதல உன் பேருக்கு ஊத்திக்கினியே, இது உனுக்கே அடுக்குமா?”

“நான் இன்னாக்கா பண்ணுவேன், கேட்டா வாயத் தொறக்கலியே” என்றாள் அந்தப் பெண். அவள் அழுகையும் சிரிப்பும் இன்னும் நிற்கவில்லை.

ஊற்றின பால் ஊற்றினதுதான் என்று குருக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த குடத்தை வாங்கிக்கொண்டார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

செங்கல்பட்டு பஸ்ஸில் அத்தை என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மட்டும், “உங்கம்மா கைல ஒண்ணும் ஒளறி வெக்காத” என்றாள்.

அம்மா கண் விழித்திருந்தாள். மத்தியானமே காய்ச்சல் இறங்கிவிட்டதென்று அப்பா சொன்னார். அத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாலுக்குக் கேட்டது குழந்தையைத்தானே, காய்ச்சல் எப்படி இறங்கியது?

அம்மா என் தலையைத் தடவினாள். “சாமிகிட்ட இன்னாடா கேட்ட?”

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனால் என் பாலுக்கு எது கேட்கப்பட்டது என்பது தெரியும். குடம் எங்களுடையது, ஆகவே பலனும் எங்கள் வீட்டுக்கே வரும் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். “உனுக்குப் பாப்பா பொறக்கணும்னு கேட்டாங்கம்மா” என்றேன். “நம்பளோடதுதான் மொதல் பால்.”

தலையிலிருந்த கை நின்றுவிட்டது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு மீசை முளைத்த பிறகு தெரிந்த செய்தி. அன்று பார்த்ததெல்லாம், தையல் வலிக்காமலிருக்க வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அம்மா சத்தமில்லாமல் அழுததைத்தான். எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. ஆணா பெண்ணா என்று குருக்களிடம் யாரும் சொல்லவில்லை.

“அழாதம்மா” என்றேன். “தங்கச்சிதான் வேணும்னு அடுத்த கிருத்திகைக்குப் போயி நானே சொல்லிட்டு வரேன்.”