அம்மா செய்த பாவம்

மிஷன் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் எனக்கு, ஊழியத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதிக்கு நம் பேச்சைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் தலையில் விழுந்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர்களுக்கோ ஒரு வார்த்தை உள்ளே போனால் இரண்டு வெளியே ஓடிவிடும்.

ஐயாவுக்கு எழுபத்தொரு வயது, வெட்கம் என்பதே கிடையாது. ஒருநாள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கிழங்குக்கு விலை கேட்பதாக நினைத்து, "அன்பரே, இந்தக் கிழவி என்ன விலை?" என்றார். "அவங்ககிட்டயே கேட்டுச் சொல்லுங்க ஐயா" என்றார் காய்கறிக்காரர். மிஷன் வைத்த மொழித் தேர்வில் ஐயா சத்தம் போட்டே தேறிவிட்டார்.

அம்மாதான் மாட்டிக்கொண்டார். நாற்பது வருடம் பிரசவம் பார்த்த கை அது. இங்கேயும் பிரசவ வார்டில் வேலை செய்யத்தான் வந்திருந்தார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரோடு பத்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். முதல் தடவை வாயே திறக்கவில்லை. இரண்டாவதிலும் தவறினால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த நேரத்தில் பஸ் கண்டக்டர், பால்காரம்மா, வார்டு ஆயா எல்லாரும் தன்னைப் பார்த்து "பாவம்" என்று சொல்வது அவர் காதில் விழுந்துவிட்டது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வேதப்புத்தகத்துப் பாவம்தான். என்னிடம் கேட்டால் எரிந்து விழுவேன் என்று பயந்து, வீடு வீடாகப் போய் விசாரித்திருக்கிறார்.

"நான் என்ன பாவம் செய்தேன்?"

பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய், "அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் நேராக ஐயாவிடம் போய், "இந்த வயசுல அவங்கள இப்படியா அழ வைக்கிறது?" என்று பிடித்துக்கொண்டார். ஐயா வியர்த்து விறுவிறுத்து, அம்மாவையும் இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "அது வேற பாவம்மா. உங்கமேல இரக்கப்பட்டுச் சொல்றாங்க."

அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு இரக்கம் வேண்டாம். வேலை வேண்டும்."

மறுநாளிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டார். என் ஜன்னலுக்குப் பக்கத்து பெஞ்சில் எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால், கடைசிச் சீட்டு போகும்வரை எழுந்திருக்கமாட்டார். வரிசையில் நிற்பவர்கள் யார், எப்போது, எந்தக் குரலில் "பாவம்" என்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "இலக்கணத்தப் படிங்கம்மா, மானத்த வாங்காதீங்க" என்று கத்திப் பார்த்தேன். "பாவம் சொல்லும்போது குரல் இறங்குகிறது, டீச்சர்" என்றார். அசையவில்லை.

தேர்வன்று வரிசையில் நின்ற ஒரு பெண்ணையே அம்மாவுக்கு எதிரில் உட்காரவைத்தார் தேர்வு அதிகாரி. நான் கதவோரம் நின்றேன்.

"சொல்லுங்கம்மா" என்றார் அம்மா.

"என்னத்தச் சொல்ல? பொண்ணுக்கு எட்டு மாசம், படுத்த படுக்கையா கிடக்கா. மாப்பிள்ளை எட்டிக்கூடப் பாக்கல. ஒத்தையாளா அலையறேன். நான் என்ன பாவம் செஞ்சேனோ!"

போச்சு, பிரசங்கம் ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா." குரல் இறங்கியது. "பாவம்."

அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து அம்மா, "அப்புறம்?" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மாப்பிள்ளை, மாமியார், கசியும் கூரை எல்லாம் வந்தன. அதிகாரி மணியடித்தும் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அதிகாரி பேனாவை எடுத்து, தேர்ச்சி என்று எழுதினார்.

விரல் விட்டு எண்ணினேன். அம்மா பேசியது மொத்தம் ஐந்தே வார்த்தை.

வெளியே வந்த அந்தப் பெண் என் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "என்னமா பேசுறாங்க அந்தம்மா! நம்ம பக்கத்து ஆளுங்களா?"