தலை பத்திரமா?

“தலை பத்திரமா இருக்கா?”

தொலைபேசியை எடுத்ததும் ஆர்டிஸ் க்வாமி கேட்கும் முதல் கேள்வி இது. வணக்கமெல்லாம் பிறகுதான். அமெரிக்காவின் வட டகோட்டாவில் படுக்கையறைக்குள் வௌவால் நுழைந்தால் டென்னிஸ் மட்டையால் அடித்து, காலி ஐஸ்கிரீம் வாளியில் போட்டு எங்கள் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். ரேபிஸ் என்னும் வெறிநோய் உண்டா என்பதை மூளையில்தான் பார்க்க முடியும். “மண்டையிலேயே போடுறானுங்க. உடம்புல அடிச்சா ஆகாதா?” என்று அலுத்துக்கொள்வாள்.

இருபது வருடமாக வௌவால் தலைகளை அறுப்பவள், வீட்டில் அந்துப்பூச்சி பறந்தால் கணவனைக் கூவி அழைப்பாள். உயிருள்ள வௌவாலைத் தொட்டதே இல்லை. “அவசியம் வரலையே.” அறுக்குமுன் ஒவ்வொன்றின் மேலுதட்டையும் பல்குச்சியால் தூக்கிப் பல்லை எண்ணிப் பார்ப்பாள். யாரும் கேட்காத வேலை.

போன ஜூலையில் ஜோலீன் என்ற இளம்தாய் தந்த வாளியிலும் பார்த்தாள். மேல் முன்பல் பக்கத்துக்கு ஒன்றுதான். இங்கே வழக்கமாக வரும் பழுப்பு வௌவாலுக்கு இரண்டு.

“மாலை வௌவால்னு ஒரு இனம். தெற்கத்தி ஆளு. நம்ம மாநிலத்துல இதுதான் முதல்,” என்றாள், தன் சொந்தப் பெயரைச் சொல்வதுபோல.

அருங்காட்சியகத்து கோர்டி ஓடிவந்தான். அவனுக்கு மண்டையோடு முழுசாக வேண்டும். வௌவால் கிடந்ததோ ஜோலீனின் கைக்குழந்தையின் தொட்டிலில்.

“அறுக்காத ஆர்டிஸ்! குழந்தைக்கு ஊசியப் போட்டுட்டா ஆபத்தே இல்லையே.”

“அத்தனை ஊசியையும் உன் தொடையில போடச் சொல்லட்டுமா?”

பல்லைப் படமெடுத்துக்கொள்ள விட்டு, அறுத்துவிட்டாள்.

“செத்ததோட படத்த வச்சு என்ன பண்றது? லாரியில ஒட்டிக்கிட்டு வந்ததுன்னு சிரிப்பாங்க. இங்கயே வாழுதுன்னு காட்டணும்,” என்று கோர்டி முணுமுணுத்தான்.

நோய் இல்லை. ஜோலீனை அழைத்து, ஊசி வேண்டாம் என்று சொன்னாள்.

“அப்பாடா! கூரை ஓட்டைய இன்னைக்கே அடைச்சிடறேன்.”

இருபது வருடமாக ஆர்டிஸ் எல்லோருக்கும் சொல்லிவரும் அறிவுரைதான் அது.

“இப்ப அடைக்காதீங்க.”

“என்னது! வாடகைக்கு விடச் சொல்றீங்களா?”

“சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். கூரைக்குள்ள இன்னும் ஒரு கூட்டமே இருக்கும், நாங்க வந்து பார்க்கிறோம்.”

சனிக்கிழமை வெளிச்சம் மங்கும் நேரத்தில், கூரைக்குக் கீழே கட்டிய வலையில் முதல் வௌவால் விழுந்தது. கோர்டி கேமராவைப் பிடிக்க வேண்டியிருந்ததால் வௌவாலை ஆர்டிஸிடம் நீட்டினான். பல்குச்சிக்கு வேலை இருக்கவில்லை. உதட்டைச் சுருட்டிக்கொண்டு அது அவளுடைய தோல் கையுறையைக் கடித்தது. பக்கத்துக்கு ஒரு பல்.

ஆர்டிஸ் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அது கடித்துக்கொண்டிருந்த விரலை மட்டும் கேமராவுக்கு நேராக, கொஞ்சமும் அசைக்காமல், நீட்டிப் பிடித்திருந்தாள்.