சந்தனம் காயும்வரை

ஜோவிதா கையில் சால்டரிங் அயர்ன் இருந்தால் பட்டறையில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கேட்டால் பதில் வராது. ஈயம் உருகி, புகை அடங்கி, ஒயர் பிடித்துக்கொண்டதா என்று ஒரு இழு இழுத்துப் பார்த்த பிறகுதான் தலையைத் தூக்குவாள்.

படப்பையில் பிறந்தவள். ஐ.டி.ஐ. படித்தாள், ஒரு டி.வி. கம்பெனி லைனில் நின்றாள், அது மூடியதும் பென்னலூரில் தணிகாசலத்தின் பட்டறைக்கு வந்தாள். அங்கே ஃபிட்டராக இருந்த எபினேசரைக் கட்டிக்கொண்டாள். இவள் கத்தோலிக்கக் குடும்பம், அவன் சி.எஸ்.ஐ. இரண்டு வீட்டுக்காரர்களும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் குழந்தை பிறந்ததும் எல்லோரும் தூளியைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காக்கிச் சட்டை கண்ணில் படாத நாளே இல்லை. பஸ்ஸை நிறுத்துவார்கள், பையைத் திறக்கச் சொல்வார்கள், யார் வீட்டுக்கு யார் வந்து தங்கினார்கள் என்று கேட்பார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரகடத்துக்கு அப்பால், குன்றின் அடியில் இருந்த காவலர் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்கு ஓடும் இலக்கு செய்து தரும் வேலை தணிகாசலத்துக்குக் கிடைத்தது.

அதுவரை அங்கே ஆள் உருவம் வரைந்த பலகை நட்டுவைத்தபடி நிற்கும். நிற்பதைச் சுட்டுப் பழகியவன் ஓடுகிறவனை எப்படிச் சுடுவான்? கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். சுடுகிறவர்கள் பலகையை விட்டுவிட்டுக் கயிறு இழுப்பவன் கையையே பார்த்தார்கள். கை அசைந்தால் துப்பாக்கி தூக்கினார்கள். யாருடைய கையும் இல்லாமல் பலகை ஓட வேண்டும், அது எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியக்கூடாது. இதுதான் அவர்கள் கேட்டது.

அதை ஜோவிதாதான் செய்தாள். மண்மேட்டுக்குப் பின்னால் தண்டவாளம், அதன்மேல் தள்ளுவண்டி, வண்டியில் பலகை. இழுக்க மோட்டார். இவை எபினேசர் வேலை. காவலர் நடந்து வரும் பாதையில், முழங்கால் உயரத்துக்கு எதிரும் புதிருமாக இரண்டு கம்பங்கள். ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி கிளம்பி இன்னொன்றில் இருக்கும் வட்டக் கண்ணாடிக்குள் போகும். உள்ளே அந்த ஒளி விழுந்துகொண்டிருக்கும்வரை ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் மோட்டாரைத் தடுத்துப் பிடித்திருக்கும். நடப்பவன் கால் ஒளியை மறைத்தால் ரிலே விட்டுவிடும். மோட்டார் இழுக்கும். மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் குபீரென்று குறுக்கே ஓடுவதுபோல் பலகை பாயும். பலகையின் முதுகில் இன்னொரு சென்சார். குண்டு பட்ட அதிர்வு தெரிந்ததும் பலகை மடங்கி விழும்.

தன் காலே தனக்கு எதிரியைக் கூப்பிடுகிறது என்று தெரியாமல் நடக்க வேண்டும். அதுதான் பயிற்சி.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் திடலில் முதல் ஓட்டம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த காலை. தேங்காய் உடைக்காமல் தணிகாசலம் எந்த மிஷினையும் ஓட விட மாட்டார். கற்பூரம் காட்டிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை ஜோவிதாவிடம் நீட்டினார்.

"ஒயர் பண்ணது நீ. நீயே வையி."

வருஷா வருஷம் பட்டறையில் அவளும் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பவள்தான். ஆனால் பொட்டு வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. மோட்டாருக்கு வைத்தாள், வண்டிக்கு வைத்தாள். கம்பத்தின் கண்ணாடியைப் பார்த்ததும், லாரிக்கு ஹெட்லைட் கண்ணாடி மேலேயே வைப்பார்களே, அதேபோல நடுவில் தாராளமாக ஒன்று. அதன்மேல் குங்குமம். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. ஓட்டிப் பார்த்தார்கள். பலகை பறந்தது. காவலர்கள் கை தட்டினார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று ஜோவிதா பஸ் ஏறிவிட்டாள்.

பிற்பகலில் செய்தி வந்தது. சுட்டு முடித்து, துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டு, பலகையில் விழுந்த ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்ட ரகுபதி என்ற காவலர் தண்டவாளத்துக்குப் போயிருக்கிறார். வண்டி தானாகக் கிளம்பி அவரை இடித்துத் தள்ளி, விழுந்தவரின் முழங்கால் மேல் ஏறிவிட்டது. பாதையில் அப்போது யாரும் நடக்கவில்லை. எல்லோரும் சுடும் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். கரெண்டை ஒவ்வொரு தடவையும் அணைத்தால் ஜெனரேட்டர் திணறுகிறது என்று பயிற்சியாளர்களே அணைக்க வேண்டாம் என்றிருந்தார்கள். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வழி. சோதனை ஓட்டத்துக்காக ஒயர் பெட்டியில் வைத்திருந்த கைப்பொத்தான். அந்தப் பெட்டி பக்கத்தில் நின்றவன் எபினேசர்.

அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

வேறு வருஷமாக இருந்திருந்தால் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு விட்டிருப்பார்கள். அந்த வருஷம் கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. போலீஸ்காரன் மேல் வண்டியை விட உன்னை யார் அனுப்பினார்கள்? உன் பழக்கவழக்கம் யாரோடு? அக்கம்பக்கத்து வீடுகளில் இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். வாசலில் நின்று குழந்தையைக் கொஞ்சும் பெண்கள் அன்று சாயங்காலம் எட்டிப் பார்க்கவில்லை. கேஸ் போட்டுவிட்டால் அவன் எத்தனை காலம் உள்ளே இருப்பான் என்று ஜோவிதாவுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஸ்டேஷனில் சற்று நேரம் பார்க்க விட்டார்கள். எபினேசர் சட்டையில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நான் கைய வெக்கல ஜோவி. ரெண்டு கையாலயும் டீ கிளாஸப் புடிச்சிகினு இருந்தேன். சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

"அதுக்கு முன்னாடி வண்டி இன்னா பண்ணுச்சு? நல்லா யோசிச்சு சொல்லு."

காலையில் ஒழுங்காகத்தான் ஓடியது, வெயில் ஏற ஏற ஒரு மாதிரி ஆனது, யாரும் போகாதபோதே ஒரு தடவை உதறி நின்றது என்றான் அவன். வெளியே வந்த ஜோவிதா பஸ் ஸ்டாப்பில் நின்றபடி மனசுக்குள் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். வெயில் கண்ணாடிக்குள் விழுந்திருக்குமோ? விழுந்தால் ஒளி கூடும். கூடினால் ரிலே இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும், விடாது. விட்டிருக்கிறது என்றால் ஒளி குறைந்திருக்க வேண்டும். வெயில் ஏறும்போது எது குறையும்?

தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனாள். கம்பத்தின் முன்னால் மண்டிபோட்டாள். கண்ணாடி நடுவில் அவள் வைத்த பொட்டு, சுவரில் அடித்த சுண்ணாம்புபோல வெளுத்து, காய்ந்து, ஓரம் வெடித்து இருந்தது. விரல் பதிந்த ரேகைகூட அதில் தெரிந்தது.

நனைந்த காகிதம் வெளிச்சத்தை விடும். காய்ந்தால் விடாது. சந்தனமும் அப்படித்தான். ஈரமாக இருந்தவரை அதன் வழியே கொஞ்சம் ஒளி போய்க்கொண்டிருந்திருக்கிறது. காயக் காய அடைத்துவிட்டது. அந்தக் கண்ணுக்குக் காலும் தெரியாது, பொட்டும் தெரியாது. இருட்டு மட்டும்தான் தெரியும். இருட்டானால் இழு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜோவிதா.

அவள் எழுந்திருக்கவில்லை. தணிகாசலம் குனிந்து பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. பிறகு மெதுவாக, சுரண்டிவிடலாமா என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டி மறுத்தாள். சுரண்டினால் பட்டறை தப்பிக்கும். எபினேசர் தப்பிக்க மாட்டான்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"புருஷனக் காப்பாத்தணும்னு சந்தனத்து மேல பழியப் போடற. சாமி மேல போடாம விட்டியே."

"பொட்டு வெச்சது நான் சார். பழிய என் மேலதான் போட்டுக்கறேன். நீங்களே ஒயரப் புடுங்குங்க, நீங்களே பாருங்க."

கைப்பொத்தானின் ஒயரை அவர் கையாலேயே பிடுங்கச் சொன்னாள். தண்டவாளத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். காய்ந்த பொட்டை அவர் கண்ணெதிரே துடைத்து எடுத்தாள். அதே கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, அதே இடத்தில், அதே விரலால் வைத்து, மேலே குங்குமமும் இட்டாள். கரெண்ட் போட்டார்கள். வண்டி அசையவில்லை.

எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். வெயிலில் சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஸ்டேஷனே நின்றது என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டாள். ஓடு என்று வேண்டிக்கொள்வதா? ஓடினால் ஒரு மனுஷன் காலை உடைத்தவள் அவளேதான். ஓடாவிட்டால் எபினேசர் போய்விடுவான். பொட்டின் ஓரம் முதலில் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், போதும்மா என்று சொல்ல வாயெடுத்தார்.

மோட்டார் உறுமியது. மேட்டுக்குப் பின்னாலிருந்து பலகை ஆள் வெளியே பாய்ந்து, வெறும் திடலின் குறுக்கே ஓடி, அந்தப் பக்கம் போய் இடித்து நின்றான். அங்கிருந்த காவலர் ஒருவரின் கை தன்னை மறந்து இடுப்புக்குப் போயிருந்தது.

ஜோவிதா போய்க் கரெண்டை அணைத்தாள்.

வாக்குமூலம் எழுதும்போது, பொட்டு வைக்கச் சொன்னவன் நான், அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று தணிகாசலம் கேட்டு எழுதவைத்தார். மிஷினைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார்கள். சாயங்காலம் எபினேசரை விட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன் வீட்டுக்குப் போகும் பக்கம் திரும்பினான். அவள் நகரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு அப்பறம் வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

ரகுபதி கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ரத்னா. ஜோவிதா கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டார். கடைசியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரத்னா எழுந்து வராந்தாவரை கூட வந்தாள். "யாரு தள்ளிவுட்டா, யாரு தள்ளிவுட்டான்னு நேத்துலேர்ந்து கேட்டுகினே கீறாரு. கூட நின்னவங்கள்ல எவனோன்னு மனசுல ஒரு இது. இப்போ தெரிஞ்சிடுச்சு இல்ல. இனிமே தூங்குவாரு. போய்ட்டு வாங்க."

அடுத்த வாரம் பட்டறையில் ஜோவிதா ஒயர் பெட்டியைப் பிரித்து மறுபடி ஒயர் பண்ணினாள். இப்போது இரண்டு கண்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. முன்னது மறைந்து திறந்து, பிறகு பின்னது மறைந்து திறந்தால்தான் ஆள் நடந்தான் என்று அர்த்தம். எது மறைந்தே கிடந்தாலும் மோட்டார் செத்துவிடும், சிவப்பு விளக்கு எரியும். ஆள் உள்ளே போகும்போது பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப்போக ஒரு மெயின் சுவிட்சும் வைத்தாள். எபினேசர் எதிரே உட்கார்ந்து தண்டவாளத்துக்குத் தடுப்புக்கட்டை அறுத்துக்கொண்டிருந்தான். சாப்பிட வரச்சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டான். அவள் ஒயரை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள்.